நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம்

என் பி.எச்.டி.யைச் சோதிக்க வெளியூர்ல இருந்து வந்த எக்ஸ்டெர்னல், தீசிஸைப் புரட்டுதாரு. எச்சில் தொட்டு இல்ல, நல்ல மனுஷன், பென்சிலோட ரப்பர் முனையால ஒவ்வொரு தாளா நெம்பி நெம்பித் திருப்புதாரு. இப்ப எழுபத்தெட்டு. நான் மைக் முன்னால நிக்கேன், மாம்பழக் கலர் பட்டு, முதுகுல வேர்வை ஓடுது, வாய் பாட்டுக்கு இங்கிலீஷ் பேசிட்டிருக்கு. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிட்டுப் போன பின்னால கானாக்காரியும் நைஜீரியாக்காரனும் டிரினிடாட்காரனும் அவன் மொழியிலேயே தங்களோட வீட்டுச் சண்டையை எழுதுனாங்களே, எப்படி எழுதுனாங்க, எந்த வார்த்தையை விளக்கம் சொல்லாம அப்படியே விட்டாங்க, அதுதான் என் தீசிஸ். ஒன்பது வருஷம் ஆச்சு. வாய்க்கு மனப்பாடம், அதனால மனசு தேவையில்ல, மனசு தனியாப் போயி நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல உக்காந்துக்கிச்சு. எழுபத்தொன்பது. ஏசப்பா, இந்த மனுஷனுக்கு ஒரு போன் வரக்கூடாதா. பின்னால பேனர்ல என் போட்டோ, ‘திருமதி கிருபாவதி ஸ்டான்லி, பி.எச்.டி. பொது வாய்மொழித் தேர்வு’ன்னு பெருசா, மூக்கு மட்டும் எனக்கில்லாத அளவுக்குச் சிவப்பா. எதிர முதல் வரிசையில என் வீட்டுக்காரர், அவருக்குப் பக்கத்துல மடியில எவர்சில்வர் டின்னோட என் மாமியார். முந்திரிக்கொத்து. வைவாவுக்கு வாரவங்களுக்கு டீயும் பலகாரமும் படிக்கிறவதான் குடுக்கணும்னு வழக்கம், கடைச் சமோசாவை எவன் திம்பான்னு அத்தை ரெண்டு நாளா பாகு காய்ச்சி உருண்டை பிடிச்சா. அந்த அத்தையைப் பத்தித்தான் நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல எழுதியிருக்கு. தமிழ்ல.

நான் வேணும்னா எழுதுவேன்? எனக்கென்ன கிறுக்கா? இருநூத்திச் சொச்சம் பக்கம் இங்கிலீஷ் தீசிஸ், நடுவுல நாலஞ்சு வரி தமிழ், ஆனா டைப் அடிச்சிருக்கிறது என்னவோ கல்யாணப் பத்திரிகை கணக்கா அவ்வளவு அழகு. எனக்குக் கம்ப்யூட்டர்ல எழுத வராது, நீளத் தாள்ல கையால எழுதித்தான் டிடிபி செண்டருக்குக் குடுப்பேன். வாசிக்கும்போது தோணுறதை அந்தத் தாள் ஓரத்துலயே பென்சில்ல கிறுக்கி வைப்பேன், அது எனக்கு, அது எனக்கு மட்டும். அதுக்கு ஒரு அம்புக்குறி வேற போட்டுத் தொலைச்சிருக்கேன். டைப் அடிக்கிற மாரிச்செல்வி நாள் முழுக்கப் பூப்புனித நீராட்டுக்கும் காதணி விழாவுக்கும் தமிழ்ல அடிக்கிறவ, இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்குத் தாவ அவளுக்கு ஒரு பட்டன். காலையில ஆறு மணிக்கு, தீசிஸ்ல கலர்ச் சீட்டு ஒட்டிட்டு இருக்கும்போது கண்ணுல பட்டுச்சு. ரெண்டு வரி வாசிச்சதும் பட்டுனு மூடிட்டேன். அவளுக்குப் போனைப் போட்டா, “அம்புக்குறி போட்டிருந்தீங்கல்லா அக்கா, அதான் விட்டுப் போயிரக் கூடாதேன்னு உள்ள சேத்துட்டேன்”ங்கா. எவ்வளவு பொறுப்பு! எங்கே திருடி எழுதியிருக்கேன்னு பாக்கிற மெஷினும் தமிழ்னா கண்ணை மூடிக்கிட்டு மூணு சதவீதம்னு சர்ட்டிபிகேட் குடுத்துச்சு. என் கைடு பாத்துக் கையெழுத்துப் போட்டா. நானும்தான் போட்டேன், ‘இது முழுக்க என் சொந்த எழுத்து’ன்னு. அது என்னவோ உண்மைதான்.

தொண்ணூத்தி ஆறு. நிறுத்திட்டாரு. ஏதோ கேக்காரு, இங்கிலீஷ்ல, மெல்ல, புவனேஸ்வர்ல இருந்து வந்த புரொபசர் பெஹரா, தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது, அதுதான் இப்போதைக்கு என் ஒரே ஆறுதல். என்ன கேட்டாரு? இந்த நாவல்களை ஏன் எடுத்தீங்கன்னு. வாய் பதில் சொல்லுது, தடத்துல போற பஸ் மாதிரி அதுபாட்டுக்குப் போகுது. உண்மையான பதில் வேற. காலேஜ்ல படிக்கையில இங்கிலீஷ்னா எனக்குக் குளிர் ஜுரம். எல்லாக் கதையிலும் பனி கொட்டும், கணப்புல விறகு எரியும், யாரோ ஒரு துரைசாணி ஜன்னலைப் பாத்து ஏங்கிட்டே இருப்பா, எனக்கு பாளையங்கோட்டை வெயில்ல உச்சி காயும், ஏட்டி, எதுக்கு ஏங்குற, எழுந்து போய் ஒரு வேலையைப் பாருன்னு இருக்கும். அப்புறம் முப்பத்தெட்டு வயசுல இந்தக் கானா நாவல் கையில கிடைச்சுது. முதல் பக்கத்துலேயே குழாயடியில ரெண்டு பொம்பளைங்க குடத்துக்கு அடிச்சுக்கிடுதாங்க. இங்கிலீஷ்ல! எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு, நான் டீச்சரா இருக்க பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அதுல ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டா, வாரேன்னு சொல்லிட்டுத்தான் வெளிய போவா, அங்கேயும் அப்படித்தானாம். எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கவ, எங்க தெருக்காரி மாதிரியே வாரேன்ங்கா. அன்னைக்குத்தான் இங்கிலீஷ் மேல எனக்கு இருந்த பயம் போச்சு. அப்புறம் என்ன, வெறி பிடிச்ச மாதிரி வாசிப்பு.

அத்தைக்கும்தான் அந்த வெறி. அத்தை அஞ்சாங்கிளாஸோட நின்னவ, பைபிளைத் தமிழ்ல எழுத்துக் கூட்டி வாசிப்பா, பேரு தங்கபுஷ்பம், வாய் மட்டும் பட்டாசுக் கடை. நான் பி.எச்.டி.க்குச் சேந்த அன்னைக்கு, “இனிமே படிச்சு என்னத்தக் கலெக்டரா ஆகப் போற”ன்னு வாசல்ல உக்காந்து தெருவுக்கே கேக்கிற மாதிரி ஏசுனா. அடுத்த சனிக்கிழமை விடிஞ்சு பாத்தா அடுக்களையில எனக்கு வேலையே இல்ல, எல்லாத்தையும் முடிச்சுட்டு முறத்துல முருங்கைக்கீரையை வச்சு உருவிட்டு இருக்கா. “படி, எனக்கும் கேக்கட்டும். தமிழ்ல சொல்லு”ன்னா. அப்படி ஆரம்பிச்சதுதான். ஒன்பது வருஷம், சனிக்கிழமை மத்தியானம், ஒரு கண்ணு இங்கிலீஷ்ல, வாய் தமிழ்ல. எந்த நாட்டுக் கதையா இருந்தாலும் அத்தை விட மாட்டா, “அந்தப் பய புருஷனா அவன், கூறுகெட்டவன்”பா, “அவ ஏன் வாயைத் தொறக்கல்ல தெரியுமா, தொறந்தா அழுதுருவோம்னு பயம்ட்டி”ம்பா. இந்தக் கடைசி வார்த்தையைத்தான் மூணாம் அத்தியாயத்துல இருபது பக்கத்துக்கு இழுத்து இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கேன். அடிக்குறிப்பு இல்ல. எந்தப் புக்குன்னு போட? முருங்கைக்கீரை, சனிக்கிழமைன்னா? திருட்டு பிடிக்கிற மெஷினுக்குத் தெரியாத திருட்டு இது. நூத்திப் பன்னெண்டு. சண்டாளப் பென்சில், கொஞ்சம் மெதுவாத் திருப்பேன்.

கானா நாவல்ல ஒரு மாமியார்க்காரி வருவா, அபேனான்னு. சந்தையில மீன் விப்பா, மருமக டீச்சர் வேலைக்குப் போகும்போது மண்ணை வாரித் தூத்துவா, சாயந்தரம் அவ திரும்பி வந்தா, யாருக்கும் தெரியாம அவளுக்குன்னு ஒரு மீனை ஒளிச்சு வச்சிருப்பா. அத்தைக்கு அபேனான்னா உசுரு. “அவளை வாசி, அவளை வாசி, மத்ததெல்லாம் பொறவு”ன்னு அவ வாற இடமாக் கேப்பா. வாசிக்க வாசிக்க எனக்குத் தோணும், இவளுக்குத் தெரியல்லையா, இது இவதான்னு? அப்பக் கிறுக்குனதுதான் அந்தத் தமிழ் வரிங்க. அந்த மாசம்தான் அத்தைக்கு நெஞ்சு வலி வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தா. சனிக்கிழமை வழக்கம்போல முறத்தோட உக்காந்துட்டா, முகம் சுண்டிப் போயிருக்கு, கை மட்டும் கீரை உருவுது. கடைசி அத்தியாயம். தலைப்பைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அபேனா சாகப் போறா. நான் எப்படி அதை வாயால சொல்ல? புக்கை மூடிட்டு ஒரு பொய்யை அவுத்துவிட்டேன். அபேனா பஸ் ஏறி மக வீட்டுக்குப் போயிட்டா அத்தை, கடற்கரைப் பக்கம், பேரப்பிள்ளைகளோட சுகமா இருக்கா, முடிஞ்சுது. அத்தை என்னையே பாத்தா. “நல்லா இருக்கட்டும்”னுட்டு முறத்தை உதறுனா. திங்கக்கிழமை அந்த அத்தியாயத்தைப் பள்ளிக்கூடத்துல வச்சு நானாத் தனியா வாசிச்சேன், வாசிச்சுட்டு பாத்ரூம்ல போய்க் குழாயைத் தொறந்துவிட்டு அழுதேன்.

நூத்தி முப்பத்தொண்ணு. அதனால எனக்கு இன்னைக்கு ரெண்டு காரியம் நடக்கணும். டாக்டர் பட்டம் வேணும், ஒன்பது வருஷம் விளையாட்டில்ல. அத்தை அந்த வரியைக் கேக்கக் கூடாது. கேட்டா, மண்ணு தின்ன மாதிரி ஆயிரும் அவளுக்கு, இத்தனை பேர் முன்னால மருமக நம்மை இப்படி எழுதி வச்சிருக்கான்னு. எனக்காக முந்திரிக்கொத்து பிடிச்ச கையி. கைடு மெர்லின் மேடையில உக்காந்து எனக்குக் கண்ணைக் காட்டுதா, நல்லாப் போகுதுங்கா. என்னைவிட எட்டு வயசு சின்னவ, ஊர் முன்னால நான் அவளை மேடம்ங்கணும், அவ வீட்டுக்குப் போனா அவ என்னை அக்காம்பா. காலையில அவகிட்டச் சொன்னதுக்கு, “அக்கா, அவரு எல்லாப் பக்கமும் பாக்க மாட்டாருக்கா, சும்மா இருங்க”ன்னா. பாக்காரே! ஒவ்வொரு பக்கமாப் பாக்காரே! என்ன படிச்ச மனுஷனோ, பாதியைத் தள்ளத் தெரியாம. நூத்தி நாப்பது. வாய் நின்னுபோச்சு. என் வாய்தான். பேச வேண்டியது முடிஞ்சுருச்சு போல, எல்லாரும் கை தட்டுதாங்க. நூத்தி நாப்பத்தி ரெண்டு. பென்சில் நெம்புது. அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டாரு. அவரு முகத்துல ஒரு சிரிப்பு விரிஞ்சுது பாருங்க, பிள்ளைக்கு மிட்டாய் கிடைச்ச சிரிப்பு.

சொல்லுதாரு, நான் நிக்கிற தரை நழுவுற மாதிரி சொல்லுதாரு, மேடம், உங்க ஆராய்ச்சியிலேயே எனக்குப் பிடிச்ச பக்கம் இதுதான். இந்த எழுத்தாளருங்க தங்களோட மொழியை விளக்கம் இல்லாம விட்டுட்டுப் போறாங்கன்னு நீங்க சொல்லுதீங்க, சொல்லிட்டு நீங்களே அதைச் செஞ்சும் காட்டியிருக்கீங்க. எனக்கு ஒரு எழுத்துப் புரியல்ல. அதுதானே நீங்க நினைச்சது? எவ்வளவு துணிச்சல்! மெர்லின் மேடையில தலையை ஆட்டுதா, ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு, கழுத்தே கழண்டுரும் போல. ஆமான்னா முடிஞ்சுது. பட்டம் மடியில. நாளைக்கே பள்ளிக்கூடத்துப் போர்டுல முனைவர்னு எழுதலாம். வாயைத் தொறந்தேன். முதல் வரிசையில அத்தை டின்னை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு என் வாயையே பாக்கா, சனிக்கிழமை மத்தியானம் பாக்கிற அதே பார்வை. இங்கிலீஷ் தெரியாட்டாலும் நான் கதை விட்டா அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே அவகிட்ட ஒரு பொய் சொல்லியாச்சு, அவ உக்காந்திருக்க இடத்துலயே இன்னொண்ணா? “இல்ல சார்”னு வந்துருச்சு. தெரியாம நடந்தது சார், பென்சில்ல கிறுக்குனதை டைப் அடிச்சுட்டாங்க, நான் காலையிலதான் பாத்தேன். மெர்லின் நெத்தியில கையை வச்சுக்கிட்டா. பெஹரா சார் என்னைப் பாக்காரு, பக்கத்தைப் பாக்காரு. அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்காரு. அப்படின்னா இன்னும் நல்லது, கட்டாயம் வாசிங்க, முதல்ல உங்க மொழியில, பொறவு எனக்கு. அட என் கர்த்தரே, எதைக் கேக்கக் கூடாதோ அதையே கேட்டுட்டாரே.

வாசிச்சேன். வேற வழி? “அபேனா அச்சு அசல் எங்க அத்தையேதான். வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும். கடைசி அத்தியாயத்துல இவ செத்துப் போறா போல. நான் வாசிக்க மாட்டேன்.” ஹால்ல குபீர்னு சிரிப்பு, என் வீட்டுக்காரர் குனிஞ்சு ஷூவைப் பாக்காரு, அத்தை முகத்தை நான் பாக்கவே இல்ல. பாத்தா செத்தேன். பெஹரா சார் பென்சிலால தட்டுதாரு, தாளைத் திருப்புங்க, இன்னும் இருக்கேன்னு. இருக்கா? திருப்புனேன். நூத்தி நாப்பத்தி நாலு, தலையில ஒத்தை வரி, இங்கிலீஷ் பாராவுக்கு மேல தனியா நிக்குது. இதை நான் எப்ப எழுதுனேன்? காலையில மூடிட்டேன்லா, பாக்கவே இல்ல. ஆனா என் எழுத்துதான், வேற யார் எழுதுவா. “எங்க அத்தை சாகக் கூடாது.” சிரிச்சவங்கள்லாம் திரும்பி அத்தையைப் பாக்காங்க. பெஹரா சாருக்கு இங்கிலீஷ்ல சொன்னேன், நாயையும் சொன்னேன், மிச்சத்தையும் சொன்னேன், மூணாம் அத்தியாயத்துல பாதி எங்க அத்தை சொன்னது சார், பேரு போடல்ல, தப்புதான்னு அதையும் சேத்துச் சொல்லிட்டேன். வந்தது வரட்டும்னு ஆயிப்போச்சு. பயமே இல்ல, விநோதமா, லீவு விட்ட பிள்ளை மாதிரி உள்ளுக்குள்ள ஒரு குதி.

பொதுமக்கள் கேள்வி கேக்கலாம்னு மேடையில துறைத் தலைவர் சொன்னாரு. இதுவும் வழக்கம்தான். கேள்வி கேக்க ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு, கூடப் படிக்கிற அல்போன்சா கையில துண்டுச் சீட்டு, அதுல நானே எழுதிக் குடுத்த கேள்வி, எனக்கு விடை தெரிஞ்ச கேள்வி. அவ எழுந்திருக்கதுக்கு முந்தி முதல் வரிசையில ஒரு கை. வளையல் கிலுங்குது. என் வீட்டுக்காரர் சேலையைப் பிடிச்சு இழுக்காரு, “அம்மா, உக்காரும்மா”ங்காரு. “நீ சும்மா கெடல. பொதுமக்கள்னுதான சொன்னாரு, நான் யாராம்?” எழுந்துட்டா. மைக் வேண்டாம்னுட்டா, அவளுக்கு எதுக்கு மைக். “ஏட்டி கிருபா, சுத்தி வளைக்காமச் சொல்லு. அபேனா செத்தாளா இல்லையா?”

ஒன்பது வருஷத்துல எவ்வளவு கேள்விக்குத் தயார் பண்ணியிருக்கேன். “செத்துட்டா அத்தை”ன்னேன். அம்புட்டுத்தான் வந்துச்சு. அத்தை தலையாட்டுனா. “எனக்கு அன்னைக்கே தெரியும். முடிஞ்சுதுன்னு மூடுன, மூடும்போது புக்குல இன்னும் இம்புட்டு மிச்சம் இருந்துச்சு”ன்னு ரெண்டு விரலை வச்சுக் காட்டுதா. “பஸ் ஏறிப் போனதுக்கு அத்தனை பக்கமா? நீ பயந்து கெடந்த, சரி, கேக்க வேண்டாம்னு விட்டுட்டேன். நாய் தூக்கிட்டுப் போற கதையைப் பொறவு வச்சுக்கிடுதேன் உன்னை.” ஹால் அதிருது. பெஹரா சார் மெர்லினைச் சுரண்டுதாரு, என்ன, என்னவாம்னு, அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டே இங்கிலீஷ்ல சொல்லுதா. “ஆனா ஒண்ணு”ங்கா அத்தை, விரலை எனக்கு நேர நீட்டி, “அவரு உனக்கு டாக்டர் பட்டம் குடுக்கட்டும், குடுக்காம இருக்கட்டும். அந்த மிச்சத்தை வாசிச்சுக் காட்டுனாத்தான் நான் உன்னை டாக்டர்னு கூப்பிடுவேன்.” மெர்லின் அதையும் சொன்னா. பெஹரா சார் பேனாவைத் தொறந்தாரு, தொறந்த பேனாவோட அத்தையைப் பாத்து எழுந்து நின்னாரு. பட்டத்துக்குப் பரிந்துரை செய்யறேன், அந்த அம்மா சொன்ன நிபந்தனையோட. நிபந்தனையை அறிக்கையிலயும் எழுதப் போறாராம். கை தட்டு, சால்வை, போட்டோ, யாரோ இடிச்சதுல அல்போன்சா கையில இருந்து சீட்டு பறந்து மேடைப் படியில கிடக்கு, கேக்காமப் போன கேள்வி. கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு அத்தை டின்னோட வாரா. மூடியைத் தொறந்து, எக்ஸ்டெர்னலுக்குக் கூட குடுக்காம, ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து என் வாய்க்குள்ள வச்சா. “தின்னுட்டுத் தண்ணியைக் குடி. இம்புட்டு நேரம் கத்துனதுல தொண்டை காஞ்சு போயிருக்கும். மத்தியானம் கீரை இருக்கு, புக்கு இருக்கு, வீட்டுக்குப் போயி வாசிக்கணும்லா.”